உறை கழற்றிய கை

மேலேற்றிக் கூண்டுக்குள் நுழையும் மருத்துவப் பணியாளர் முதலில் செய்வது, இரண்டு கைகளையும் அனுமதி உறைக்குள் நுழைப்பதுதான். ஜெசிந்தாவும் அன்று காலை அதைத்தான் செய்தாள். உறை மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. அனுமதி இல்லாத சிகிச்சையைச் செய்ய அது கையை விடாது. தூத்துக்குடிக் கடலடியில் இருக்கும் கனிமக் குடியிருப்பிலிருந்து, அழுத்தத்தை மெல்லக் குறைத்தபடிதான் ஆட்களை மேலே ஏற்றுவார்கள். வழியில் அவளுக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது.

அன்று ஏறியவர்கள் இரண்டே பேர், ரெமிஜியுஸும் அவன் தம்பி கஸ்பாரும். கீழே ஒரு கனிமப் பெட்டி அண்ணனின் நெஞ்சில் இடித்திருந்தது. உடலை அளந்து சொல்ல அவன் அணிந்திருந்த மார்புப்பட்டை ‘சிராய்ப்பு’ என்று சொல்லிவிட்டது. பட்டை சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

பாதி வழியில் ரெமிஜியுஸுக்கு மூச்சுத் திணறியது.

“யக்கா, அண்ணனப் பாருங்க! உதடெல்லாம் நீலமாவுது!”

கூண்டை இயக்கும் கணினித் துணையறிவு நிதானமாகப் பேசியது. “இது பதற்றம். சுவாச முகமூடியில் காற்றழுத்தம் கூட்டப்படுகிறது.”

கூட்டக் கூட்ட அவன் நிலை மோசமானது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. இடப்பக்க மார்பு அசையவே இல்லை.

ஜெசிந்தா படிக்கும்போது ‘விலக்கப்பட்ட முறைகள்’ என்றொரு பாடம் இருந்தது. அழுத்தநெஞ்சு, அதாவது டென்ஷன் நியூமோதோராக்ஸ் அதில்தான் வரும். ஓட்டை விழுந்த நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் சேரும். நுரையீரலை நசுக்கி, இதயத்தையும் தள்ளும். மேலே ஏற ஏற அந்தக் காற்று இன்னும் விரியும். காப்பாற்றுகிறோம் என்று இவனை ஏற்றிக்கொண்டிருப்பதே இவனைக் கொல்கிறது.

“நிறுத்து! ஏத்தாதே!” என்று துணையறிவிடம் கத்தினாள்.

“மருத்துவமனை மேலே இருக்கிறது. எக்ஸ்ரே படம் அங்குதான் எடுக்க முடியும். படம் இல்லாமல் சிகிச்சை இல்லை.”

நெஞ்சில் குத்திக் காற்றை வெளியேற்ற, அவள் ஊசியை நோக்கிக் கையை நீட்டினாள். உறை கல்லாக இறுகியது. ஒரு காலத்தில் பதறிய கைகள் நல்ல நெஞ்சுகளையும் குத்தியிருக்கின்றன. அதனால்தான் இந்தச் சட்டம். உறையைக் கழற்றினால் உரிமம் போய்விடும்; பிறகு எந்த நோயாளியையும் தொட முடியாது.

“மேல போயிட்டா சரியாயிரும்லா?” கஸ்பார் அழுதான்.

“அதுவரைக்கும் தாங்க மாட்டான்பா.”

அவள் உறையை உருவி எறிந்தாள். வெறுங்கையால் ஒரு நோயாளியைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சூடே அவளைத் திடுக்கிட வைத்தது. தப்பாகக் குத்திவிட்டால்? பக்கம் மாறிவிட்டால்? அவன் வலப்பக்கம் தட்டினாள், சாதாரண ஒலி. இடப்பக்கம் தட்டினாள், காலி டிரம் போல அதிர்ந்தது. மூச்சுக்குழாய் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை.

இடது அக்குளுக்குக் கீழே விலாக்களை எண்ணி, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி நீள ஊசியை இறக்கினாள். உஸ்ஸென்று காற்று சீறியது. ரெமிஜியுஸ் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல மூச்சை இழுத்தான். ஊசியைச் சுற்றியிருந்த மெல்லிய குழாயை அப்படியே விட்டு, ஊசியை மட்டும் உருவினாள்.

மேலே படம் எடுத்தார்கள். நுரையீரல் ஏறக்குறைய முழுதாக விரிந்திருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் காற்று. ‘அது ஊசியால் புகுந்தது, முன்பே இருந்ததல்ல’ என்றது மருத்துவமனை அறிக்கை. சீறல் எந்தப் பதிவிலும் இல்லை. துணையறிவு அதை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டிருந்தது.

விசாரணையில், சீறல் காதில் விழுந்ததா என்று கஸ்பாரைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்தான். “மெஷினுக்கே கேக்கலன்னா, எனக்கு மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்?”

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தச் சீறலைத் தானும் உண்மையிலேயே கேட்டோமா?

ரெமிஜியுஸ் தேறியதும் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

“நல்லாருந்தவன் நெஞ்சுல எதுக்கு ஊசிய எறக்குன? ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா? நா செத்துப்போயிருந்தா எம் பிள்ளையளுக்கு யாரு பதில் சொல்றது?”

அத்தனையையும் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தான். ஜெசிந்தா அவன் சட்டைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறியது.