மூணு மணிக் காய்ச்சல்

பிள்ளைப்பாக்கத்தில் அது ஒரு லைன் வீடு. வரிசையாக ஆறு அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்றாவது அறைக்கு முத்துச்செல்வி ஏழு மாதப் பிள்ளை பூமாரியோடு குடிவந்தாள். புருஷன் வனமாமலைக்கு, பக்கத்துக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட்.

தூளி கட்ட நைந்த நூல்புடவைதான் வேண்டும். மற்றதெல்லாம் பிள்ளையின் உடம்பை உறுத்தும். அவளிடம் இருந்ததெல்லாம் பாலியஸ்டர். பரணைத் துடைக்கும்போது ஊதா நிறத்தில் பழைய நூல்புடவை ஒன்று கிடைத்தது. முன்னால் இருந்தவர்கள் யாரோ விட்டுப்போனது. அலசிக் காயவைத்துக் கட்டினாள். பூமாரி கிடத்திய உடனே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காய்ச்சல் தொடங்கியது.

சரியாக மூன்று மணிக்கு. கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட் ஆட்களை ரோட்டில் இறக்கிவிடும் நேரம். அனலாய்க் கொதிக்கும்; ஐந்து மணிக்குள் தானாக இறங்கிவிடும். இப்படியே பதினோரு நாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

பன்னிரண்டாம் நாள், வெளிக்குழாயில் துணியை நனைத்துக்கொண்டு முத்துச்செல்வி உள்ளே வந்தாள். அறையில் மெஷின் ஆயில் வாடை.

தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி ஒன்று, நாலாக மடித்துப் போட்டிருந்தது.

அவளுடைய துணி அவள் கையில்தான் இருந்தது.

வனமாமலைக்குப் போன் போட்டாள். "ஏங்க, பயமாருக்கு. வீட்டுக்குள்ள யாரோ இருக்காவ."

"ஏட்டி, இங்க மெஷின் லைன் ஓடுது. போன் எடுத்ததுக்கே சூப்பர்வைசர் மொறைக்கான். பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிடு." வைத்துவிட்டான்.

பக்கத்து அறை காவேரி வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தப் பொடவ ஏதும்மே உனுக்கு?"

"பரண்ல கெடந்துச்சுக்கா."

"அய்யய்யோ, ஜாஸ்மினுதாச்சே! உனுக்கு முன்ன இங்க இருந்த பொண்ணு. கொழந்திக்கு ஜுரம்னு போன் வந்துகிது, கம்பெனில லைன வுட்டு அனுப்பல. மூணு மணிக்கு பஸ்ல எறங்கி ஓடியாந்தா. லாரிக்காரன் பாக்கல."

"பிள்ள?"

காவேரி குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கே அதுவும் போச்சு. மொதல்ல அத்த அவுரு."

அவிழ்த்தார்கள். காவேரி அதைச் சுருட்டித் தெருமுனைக் குப்பைமேட்டில் எறிந்தாள்.

மறுநாள் பாலியஸ்டர் தூளி. மூன்று மணிக்குக் காய்ச்சல் வந்தது.

ஐந்து மணிக்கு இறங்கவில்லை.

ஆறு மணிக்குப் பிள்ளையின் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. ரோட்டில் பஸ் நெரிசல், வர அரை மணியாகும் என்றான் ஆம்புலன்ஸ்காரன். காவேரி ஆட்டோ தேடி ஓடினாள். வனமாமலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அப்போதுதான் முத்துச்செல்விக்கு உறைத்தது. காய்ச்சலைக் கொண்டுவந்தவள் ஜாஸ்மின் இல்லை. தினமும் இறக்கிக் கொடுத்தவள்தான் அவள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடினாள். புடவையை உதறி எடுத்து வந்து மறுபடியும் கட்டினாள். பூமாரியை உள்ளே கிடத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா," என்றாள் காலி அறையைப் பார்த்து. "நீயே பாத்துக்கிடு."

வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

உள்ளே தூளிக் கயிறு முனகியது.

ஆயில் வாடை கதவு வரை வந்தது.

பிறகு எதுவுமே கேட்கவில்லை.

ஓடிப்போய்த் தூக்கினாள். உடம்பு சில்லென்றிருந்தது. இழுப்பு நின்று, பிள்ளை சீராக மூச்சு விட்டது. காலையிலிருந்து ஒரு வாய் பால் குடிக்காத பிள்ளை. அழுதுகொண்டே மாரோடு அணைத்தாள்.

பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வயிறு கிண்ணென்று நிறைந்திருந்தது. கடைவாயோரம் பால் வழிந்திருந்தது, இன்னும் சூடு ஆறாமல்.