பாறைக்கு அடியில் ஆள்

எதிரொலி கொஞ்சம் முந்திக்கொண்டது. கம்பி வேலியோரம் நின்ற சிறுமி வாயருகே கையைக் குவித்து "நான் வந்துட்டேன்" என்று கத்தி முடிப்பதற்குள், கீழேயிருந்து "வந்துட்டேன்" என்று பதில் வந்துவிட்டது. சுற்றுலா வந்த கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கைடுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மாப்பிள்ளைக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது, சரியான அவசரக்குடுக்கை.

விஷயம் இதுதான். அந்த மலை மாவட்டத்தில் அருவி உண்டு, ஏரி உண்டு, விடிந்தும் விடியாமலும் மேகம் சோம்பலாகப் படுத்துக் கிடக்கும் பள்ளத்தாக்கு உண்டு. எதிரொலிதான் கிடையாது. எதிரொலிப் பாறை என்று பேர் வைத்துக் கூட்டம் சேர்த்தது கைடின் கைவரிசை. பாறைக்கு அடியில் ஓர் ஆள் நிற்குமளவுக்கு ஒரு திட்டு இருந்தது. அதில் தங்கையின் புருஷனை நிறுத்தி, மேலே யார் எதைக் கத்தினாலும் திருப்பிக் கத்தவைப்பார். வந்தவர்கள் முகமெல்லாம் பூரித்துப்போகும். அந்த முகங்களை மட்டும் கைடு பார்க்கமாட்டார். பார்த்தால் உடம்பு கூசும்.

மத்தியானத்திலேயே மூடுபனி ஏறிவந்து, ஈரத்துணி மாதிரி கன்னத்தில் ஒட்டியது. நனைந்த மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை. அதற்குள் இன்னொன்று, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது.

யாரோ முதுகைத் தொட்டார்கள். திரும்பினால் மாப்பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். வண்டி பஞ்சர். இப்பதான் வர்றேன்."

அப்படியென்றால் கீழேயிருந்து கத்தியது யார் என்று கைடு பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வரும்போதே குரல் கேட்டது, எவனோ போட்டிக்கு ஆள் இறக்கிவிட்டான் போலிருக்கிறது, போய் இரண்டு தட்டு தட்டிவிட்டு வருகிறேன் என்றான் மாப்பிள்ளை. வேண்டாம் என்று சொல்ல கைடு வாயெடுத்தார். அதற்குள் சிறுமியின் அப்பா இந்தப் பக்கம் திரும்பினார். இவன் யார், கீழே எதற்குப் போகிறான் என்று கேட்டால் என்ன சொல்வது? "சத்தம் போடாம போ" என்று மட்டும் முணுமுணுத்தார்.

புதர் சலசலத்தது. கூழாங்கல் ஒன்று உருண்டது. பிறகு சத்தமே இல்லை. காற்றுகூட இல்லை.

"மச்சான்... இங்க ஆளே இல்ல."

கொஞ்சம் கழித்து, மெதுவாக:

"மச்சான், தூக்கி விடுங்க."

சிறுமியின் அப்பா காதைத் தீட்டிக்கொண்டார். "கீழ யாராவது மாட்டிக்கிட்டாங்களா? குரல் கேக்குதே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வேனில் கயிறு இருந்தது, பிடித்து இழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஆமாம் என்றால் திட்டு தெரிந்துவிடும், இத்தனை வருஷப் பித்தலாட்டமும் சந்தி சிரிக்கும். கைடின் காது மடல் சுட்டது. தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்படியும் நாக்கு புரண்டுவிட்டது.

"அதெல்லாம் இல்ல சார். எதிரொலிதான்."

சீ. என்ன மனுஷன் நான்.

சிறுமி மறுபடி கத்தினாள். "இன்னொரு தடவை!"

"இன்னொரு தடவை!"

மாப்பிள்ளையின் குரலேதான். கணீரென்று. துளி பயம் இல்லாமல்.

அப்பாடா என்று கைடு வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தார். மூடுபனி விலகியது.

திட்டு. மாப்பிள்ளை. முதுகு பாறையோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பாறையை இறுகப் பிடித்திருந்தான். நகக்கண்ணில் ரத்தம்.

வாயை இரண்டு கைகள் பொத்தியிருந்தன.

அவனுடையவை அல்ல.

அவனுக்கும் கீழே, வெறும் பள்ளத்திலிருந்து, அவன் குரல் சிரித்தது. வேலிக்குப் பின்னால் கூட்டம் கைதட்டியது. ஏதாவது செய், கத்து என்று மனசு அடித்துக்கொண்டது. சிறுமியின் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கைடும் தட்டினார்.

கீழேயிருந்து மாப்பிள்ளை அதைப் பார்த்தான்.