நடுவில் மட்டும் வெளிச்சம்

மூலைக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டியை அமாயா மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அதில் அவள் இல்லை.

'உயரப் பற' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் படங்கள் அதில் வரிசையாக இருந்தன. நான்காவது படத்தில் பிரியெல் இரண்டு கயிறுகளுக்கு நடுவே சிரித்தபடி பறந்துகொண்டிருந்தாள். கீழே 'பிரியெல் விட்லோ, வயது 9, பிலடெல்பியா' என்று எழுதியிருந்தது.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு மணிக்கட்டு தெரிந்தது. அது அமாயாவுடையது. வலது ஓரத்தில் பாதி முழங்கை. அது மார்லோவுடையது.

"என் முழங்கை நல்லாத்தான் வந்திருக்கு," என்றாள் மார்லோ. "என்ன, எங்க அம்மாவுக்கே அது நான்தான்னு சொன்னாத்தான் தெரியும்."

அமாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெட்டிட்டாங்கடி. நம்மள வெட்டி எடுத்துட்டாங்க."

"காகிதம் பத்தலையோ என்னவோ."

"அந்தப் பறவை மாதிரி கூவுற பையன் படத்துல பின்னாடி ஒரு மரமே இருக்கு. மரத்துக்கு இடம் இருக்கு, நமக்கு இல்லையா?"

அமாயாவுக்குப் பதினோரு வயது. மார்லோவுக்குப் பத்து. இருவரும் பிரியெலும் ஒரே தெருக்காரர்கள். இரட்டைக் கயிறு ஆட்டம் அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கையிலும் இரண்டு கயிற்றைச் சுற்ற வேண்டும். ஒரு கயிறு மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். நடுவில் ஒருத்தி குதிப்பாள். சுற்றுகிறவள் ஒரு விரலைத் தளர்த்தினாலும் போதும், குதிக்கிறவளின் காலில் கயிறு சுருக்கென்று அடிக்கும்.

மூன்று பேரும் சேர்ந்துதான் போட்டிக்கு விண்ணப்பித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்துதான் நான்கு சுற்றுகளைத் தாண்டினார்கள்.

அன்று மாலை அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அமாயாவின் அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சீருடையைக் கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே ஏறியது.

"என்னப்பா?" என்றாள் அமாயா.

"இறுதிச் சுற்றுல பிரியெல் மட்டும்தான் மேடையேறுவாளாம். கயிறு சுத்துறதுக்கு ரெண்டு பெரிய டான்ஸ்காரங்க வர்றாங்களாம். வெள்ளி கலர் டிரெஸ் போட்டுக்கிட்டு."

"அப்போ நாங்க?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன் வரிசையில சீட்டாம். ஆளுக்கு ஒரு டி-ஷர்ட்டாம்."

அமாயா எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை. "டி-ஷர்ட்டா?" என்றாள்.

அப்பா நிகழ்ச்சிக்காரர்களிடம் தொலைபேசியில் பேச மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் ஒரு பதிவுக் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது. மூன்று முறையும் வேறு யாரும் வரவில்லை.

"முக்கியமானதுன்னு சொல்லிக்கிட்டே எடுக்க மாட்டேங்கிறான் பாரு," என்று அப்பா கைப்பேசியை மேசையில் வைத்தார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு பிரியெல் ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே மார்லோவும் வந்தாள். பிரியெலின் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, ஏன்க்கா நீங்க வர மாட்டேன்னு சொன்னீங்க?"

"யாருடி சொன்னது?"

"டிவிக்காரங்க. நீங்க ரெண்டு பேரும் களைச்சுப் போயிட்டீங்களாம். வேற ஆளை வெச்சுக்கச் சொல்லி நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம்."

அமாயாவின் காது மடல் சூடாகியது. சுவரொட்டியில் வெட்டியதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் இந்தச் சின்னப் பெண்ணிடம்.

"நான் எதுக்கும் ஒத்துக்கல," என்றாள். "எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

"இப்படிச் செய்வோம்," என்றாள் மார்லோ. "பேசாம விட்டுடுவோம். அந்த வெள்ளி டிரெஸ்காரங்க சுத்தட்டும். கயிறு சிக்கி, நாடே பாக்கட்டும். அப்போ தெரியும் நாம யாருன்னு."

ஒரு நிமிடம் அமாயாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. மனதிலேயே அதைப் பார்த்தாள். வெள்ளி உடை, சிக்கிய கயிறு, டிவிக்காரர்களின் அசட்டு முகம். அதற்குள் எதிரே பிரியெல் மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பது கண்ணில் பட்டது.

"விழப்போறது அவங்க இல்லையே மார்லோ," என்றாள். "இவதானே விழுவா?"

மார்லோ பிரியெலைப் பார்த்தாள். "ஆமால்ல," என்றாள்.

"நாம போவோம். போய் நேர்லயே கேப்போம்."

சனிக்கிழமை காலை அப்பா விடுப்புப் போட்டுவிட்டு மூவரையும் வேனில் நியூயார்க்குக்கு அழைத்துப் போனார். நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு நேரடி ஒளிபரப்பு. நண்பகலில் ஒத்திகை.

மேடை பளபளவென்று இருந்தது. காதில் பெரிய ஒலிக்கருவி மாட்டிய ஒருவர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர்தான் தயாரிப்பாளர் ஹோல்ட். அமாயாவையும் மார்லோவையும் பார்த்ததும் கையிலிருந்த பையிலிருந்து இரண்டு டி-ஷர்ட்டுகளை எடுத்து நீட்டினார்.

"முன் வரிசை, செல்லங்களா. நல்லாக் கை தட்டணும்."

"சார், நாங்க எப்போ ஒத்துக்கிட்டோம்?" என்றாள் அமாயா.

"அப்புறம் பேசலாம் செல்லம்." அவர் ஏற்கனவே நகர்ந்துவிட்டிருந்தார்.

இசை தொடங்கியது. ஆன்டன் என்ற உயரமான இளைஞனும் ஒரு பெண்ணும் வெள்ளி உடையில் கயிற்றைச் சுற்றினார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கயிறு தரையைத் தொடும் சத்தம் சரியில்லை. தட்-தட், தட்-தட் என்று வர வேண்டியது, தட்...தட்தட் என்று நொண்டியது.

பிரியெல் உள்ளே ஓடினாள். இரண்டாவது குதிப்பில் கயிறு கன்னத்தில் அடித்தது.

"மறுபடியும்," என்றார் ஹோல்ட். "சிரிச்சுக்கிட்டே வரணும், பிரியெல்."

மறுபடியும் ஓடினாள். இந்த முறை காலில் சிக்கி, முழங்கால் தரையில் இடித்தது.

"மறுபடியும். சிரிப்பு எங்கே?"

அமாயா எழுந்தாள். காவலாளி, "பாப்பா, அங்க போகக் கூடாது," என்று சொல்லி முடிப்பதற்குள் மேடைப் படிகளை ஏறிவிட்டாள்.

"நிறுத்துங்க," என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "அவ கன்னத்துல கோடு விழுந்திருக்கு. அதைப் பாக்காம சிரிப்பைத் தேடுறீங்க."

இசை நின்றது.

"பாரு செல்லம்," என்றார் ஹோல்ட், "இது பெரியவங்க வேலை. கயிறு சுத்துறது யார் வேணா சுத்தலாம்."

"யார் வேணாமா? அப்போ நீங்க சுத்துங்க சார்."

ஒளிப்பதிவாளர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஹோல்டால் மறுக்க முடியவில்லை. ஆன்டனிடமிருந்து கயிற்று முனைகளை வாங்கினார். மறுமுனையை, மேடைக்கு ஓடிவந்த மார்லோ பிடித்தாள்.

"மெதுவாவே ஆரம்பிப்போம் சார்," என்றாள் மார்லோ மிகவும் மரியாதையாக.

மூன்றே சுற்று. ஒரு கயிறு இன்னொன்றோடு முறுக்கிக்கொண்டது. நான்காவது சுற்றில் அவர் காதிலிருந்த கருவியைக் கயிறு பறித்துக்கொண்டு போனது. மேடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அமாயா மட்டும் சிரிக்கவில்லை.

"நாங்க இசைக்குச் சுத்துறது இல்ல சார்," என்றாள். "அவ காலுக்குச் சுத்துறோம். உள்ள வர்றதுக்கு முன்னாடி அவளோட இடது தோள் லேசா அசையும். உடனே மார்லோ கையை உயர்த்துவா. அவளுக்கு மூச்சு வாங்கினா நான் வேகத்தைக் குறைப்பேன். இதெல்லாம் ஒரே நாள்ல வந்ததில்ல. மூணு வருஷமாச்சு."

ஆன்டன் கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சிக்கைப் பிரித்து, அமாயாவின் கையில் கொடுத்தான். "இந்தப் பொண்ணு சொல்றது சரி, ஹோல்ட். எனக்கு ஆடத் தெரியும். இது தெரியாது. அந்தக் குழந்தைய இன்னொரு தடவை அடிக்க என்னால முடியாது."

ஹோல்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நீங்களே சுத்துங்க. ஆனா கறுப்பு டிரெஸ் போட்டுக்கணும். வெளிச்சம் நடுவுல பிரியெல் மேல மட்டும்தான். ஓரத்துல இருட்டாத்தான் இருக்கும். நிகழ்ச்சி அவளைப் பத்தினது. அதை மாத்த முடியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இருட்டுல நிக்கணுமாம்," என்று மார்லோ பல்லைக் கடித்தாள். "போஸ்டர்ல முழங்கையாவது தெரிஞ்சுது. இன்னிக்கு அதுவும் இல்ல."

அமாயாவுக்கும் கோபம் தலைக்கு மேல் இருந்தது. ஆனால் அவள் மேலே கட்டியிருந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விளக்குகளை இயக்கும் பலகையின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள்.

"அக்கா, வெளிச்சம் நடுவுல மட்டும்தானா?"

"அப்படித்தான் எனக்கு உத்தரவு."

"நடுவுல யார் இருந்தாலுமா?"

அந்தப் பெண் அமாயாவை உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நடுவுலன்னுதான் எழுதிக் கொடுத்திருக்காங்க. எழுதியிருக்கிறபடி செய்யுற ஆளு நான்."

அமாயா திரும்பி வந்து மற்ற இருவரின் தோளையும் பிடித்துக்கொண்டாள். "தெருவுல எப்படி விளையாடுவோம்? ஒருத்தியே குதிச்சுக்கிட்டு இருப்பாளா?"

"அது எப்படி?" என்றாள் பிரியெல். "முறை மாத்திப்போம். இல்லேன்னா சண்டை வரும்."

"அதையேதான் இங்கயும் செய்யப்போறோம்."

மாலை ஐந்து மணி. அரங்கம் நிறைந்திருந்தது. இருட்டான மேடையில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம். ஓரங்களில் கறுப்பு உடையில் அமாயாவும் மார்லோவும். கயிறுகள் தட்-தட், தட்-தட் என்று பேசத் தொடங்கின. பிரியெல் உள்ளே புகுந்தாள். ஒற்றைக்காலில் குதித்தாள். சுழன்றாள். கைகளை ஊன்றிக் குதித்தாள். கூட்டம் ஆரவாரித்தது.

திடீரென்று பிரியெல் மார்லோவின் பக்கமாக வெளியே வந்தாள். முதலில் மார்லோவின் இடது கைக் கயிற்றை வாங்கினாள். அடுத்து வலது கைக் கயிறு. சுற்று ஒரு கணமும் நிற்கவில்லை. வெள்ளை வட்டத்துக்குள் மார்லோ குதித்தாள். குதித்துக்கொண்டே, கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதுபோல் நடித்தாள். ஒரு காலைத் தூக்கி ஷூ லேஸ் கட்டுவதுபோல் நடித்தாள். அரங்கம் சிரிப்பில் குலுங்கியது.

பிறகு மார்லோ மறுபக்கமாக வெளியேறி, அமாயாவின் கயிறுகளை வாங்கினாள்.

அமாயா உள்ளே போனாள். வெளிச்சத்தில் கண் கூசியது. இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் காலுக்கு இறங்கியது. அவள் வேகமாகக் குதித்தாள், இன்னும் வேகமாகக் குதித்தாள், கயிறுகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. பிரியெலும் மார்லோவும் அவள் கால்களையே பார்த்துச் சுற்றினார்கள். ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

முடிந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. நடுவர்கள் எழுந்து நின்றார்கள்.

முதல் பரிசு பறவைபோல் கூவிய அரிசோனாப் பையனுக்குக் கிடைத்தது. அமாயா மனதாரக் கை தட்டினாள். அவன் கூவியபோது உண்மையாகவே காட்டுக்குள் நின்றதுபோல் இருந்தது. இரண்டாம் பரிசு மாயவித்தை காட்டிய ஒரு சிறுமிக்கு.

தொகுப்பாளர் அடுத்த அட்டையைப் பிரித்தார். "மூன்றாம் இடம், பிரியெல் விட்லோ."

பிரியெல் நகரவில்லை.

"வாம்மா பிரியெல்."

"நான் ஒருத்தி மட்டும் ஆடலையே," என்றாள் பிரியெல் மெல்லிய குரலில். ஒலிவாங்கி அதை நாடு முழுவதும் கொண்டுபோனது.

தொகுப்பாளர் அட்டையைப் பார்த்தார். மேடையின் ஓரத்தில் நின்ற ஹோல்டைப் பார்த்தார். ஹோல்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமாயா முன்னால் வந்தாள். "அட்டையில இன்னும் நிறைய இடம் இருக்கு சார். பேனா இருக்கா?"

தொகுப்பாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையோடு கொடுத்தார். அமாயா அட்டையை முழங்காலில் வைத்து எழுதினாள். முதலில் மார்லோவின் பெயர், அதன் கீழே தன் பெயர். தொகுப்பாளர் அதை வாங்கி, காதைப் பிளக்கும் கைதட்டலுக்கு நடுவே மூன்று பெயர்களையும் உரக்கப் படித்தார். மூவரும் ஒன்றாக நடந்துபோய், ஒரே கோப்பையை ஆறு கைகளால் வாங்கினார்கள்.

அரங்குக்கு வெளியே தாழ்வாரத்தில் அப்பா கைப்பேசியுடன் காத்திருந்தார். "நிகழ்ச்சிக்காரங்க வெற்றியாளர் பட்டியலைப் போட்டுட்டாங்க. மூணு பேரும் இருக்கீங்க. வந்து பாருங்க."

மூன்று தலைகள் திரைமேல் குனிந்தன. மூன்றாம் இடம்: பிரியெல் விட்லோ, கார்லோ கெய்ன்ஸ், அமாயா பெட்வே.

"யாருடி அது கார்லோ?" என்றாள் மார்லோ.

அமாயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவசரத்துல எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் அப்படித்தான்."

"நாடு பூரா என்னைப் பையன்னு நினைக்கப்போகுது."

"மறுபடியும் போன் பண்ணவா?" என்று கேட்டார் அப்பா.

"வேணாம் அங்கிள். அந்தப் பதிவுக் குரலோட பேச எனக்கு நேரமில்ல."

மார்லோ விறுவிறுவென்று ஹோல்டின் அறையை நோக்கி நடந்தாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

கதவைத் தட்டியது மார்லோ. உள்ளே போனது மூன்று பேரும்.