சத்தம் வருது, படம் வரலை

மனிதகுலம் இதுவரை கண்டு அலறிய அத்தனை பேய்களும் வெறும் லூஸ் கனெக்‌ஷன்களே என்பது அவனுடைய அசைக்க முடியாத கொள்கை. எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற தகுதியில் இதை ஹாஸ்டல் மொட்டைமாடியில் பலமுறை பிரகடனம் செய்திருக்கிறான். அரியர்கள் இருப்பது கொள்கையைப் பாதிக்காது.

ஆகவே விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, ஹாலில் அம்மா கறுப்பாய்க் கிடந்த டிவியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதிய நேரம்தான். ஆனால் மழை வரப்போகிற வானமும் இழுத்து மூடிய திரைச்சீலையும் சேர்ந்து ஹாலைப் பழுப்பாக்கியிருந்தன. ஸ்டூலில் சாப்பாட்டுத் தட்டு தொடாமலே காய்ந்திருந்தது. அடைந்துபோன அறையின் புழுக்க வாசனையோடு, சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடியும் மெல்ல வந்தது. சமையலறைக் குழாய் வழக்கம்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு இடையில், டிவியிலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"என்னம்மா, ரேடியோ கேக்குறியா?"

"வந்துட்டியா தொரை" என்றாள் அம்மா, திரும்பாமல். "சத்தம் வருது, படம் வரலை. கொஞ்ச நாளா இப்படித்தான்."

"அதுக்கு எதுக்கு எதிர்லயே உக்காந்து முறைச்சிட்டிருக்க? கண்ணை மூடிக்கிட்டாலும் இதே படம்தான் ஓடும். டிக்கெட் கூட வேணாம்."

"பாத்துட்டே இருந்தா கொஞ்சம் தெரியுதுடா."

அவன் சிரித்துவிட்டான். "அணைஞ்ச டிவிக்கு ரசிகை நீ ஒருத்திதான்மா. காலேஜ்ல சொன்னா உனக்கு கட்அவுட் வைப்பாங்க."

அப்போது அவன் போன் அடித்தது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்கா.

"மொதல்ல அம்மாவ அங்கேர்ந்து எழுப்புடா. போன் பண்ணா எடுக்கிறதில்ல. எடுத்தா பேசறதில்ல. சாப்பிடுதா தூங்குதான்னே தெரியலை. பயமா இருக்கு எனக்கு. இன்னைக்கே அந்தப் பொட்டிய சரி பண்ணு, இல்ல தூக்கிப் போடு."

"இன்ஜினியர் வந்தாச்சுக்கா. நிம்மதியா போனை வை."

"இன்ஜினியராம். போன தடவை மிக்ஸியத் தொட்டே. அதோட மூடி இன்னும் கிடைக்கலை."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கினான். ப்ளக்கைப் பிடுங்கினான். பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருந்த கரண்ட் வடியட்டும் என்று காத்திருந்து, மறுபடி சொருகினான். படம் இல்லை. குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"வா... மகனே... வா..."

பின்னணி இசை இல்லை. விளம்பரம் இல்லை. இருமல், செருமல் எதுவும் இல்லை.

"எந்த சேனல்மா இது?"

"தெரியலை. அந்தம்மாவுக்குப் பிள்ளை இல்ல போல. பாவம், யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

"எந்த அம்மா பெத்த புள்ளைய மகனேன்னு கூப்பிடுது? டப்பிங் சீரியலா இருக்கும்."

செட்டாப் பாக்ஸின் கேபிளை உருவினான். குரல் நிற்கவில்லை. டிவிக்குள்ளேயே ஏதாவது ஆப் ஓடும் என்று தனக்குத்தானே விளக்கம் கொடுத்து, உடனே அதை ஏற்றுக்கொண்டான்.

"இது பேக்லைட் கேஸ்மா. படம் இருக்கும், அதுக்குப் பின்னாடி எரியற லைட்டு போயிருக்கும். இருட்டுல படம் ஓடுற மாதிரி. டார்ச்ச இப்படிப் பக்கத்துல வச்சு, சாய்ச்சு அடிச்சா மங்கலா தெரியும். பாத்துக்கோ. நாளைக்கு நான் இல்லாட்டியும் நீயே செய்யலாம்."

போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்தான். கறுப்புக்கு அடியில், சாம்பல் நிறத்தில், ஒரு ஹால் தெரிந்தது. இதே திரைச்சீலை. இதே ஸ்டூல். இதே சோபா.

"நம்ம ஹாலே தெரியுது பாரு. ரிஃப்ளெக்‌ஷன்" என்றான்.

சோபாவில் யாரும் இல்லை.

சட்டென்று திரும்பினான். அம்மா உட்கார்ந்துதான் இருந்தாள். மறுபடி திரையைப் பார்த்தான். காலி சோபா. அதன் மெத்தையில், அப்போதுதான் எழுந்து போனதைப்போல ஒரு பள்ளம் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

ஆங்கிள் சரியில்லை என்று முடிவுக்கு வந்தான். கழுத்து வியர்த்திருந்தது.

"விட்டுடேன்டா" என்றாள் அம்மா. "எனக்கென்னவோ பிடிக்கலை."

"பின்னாடி ஒரு வயர் லூஸா இருக்கும். ஒரே நிமிஷம். அதுக்கப்புறம் நீ எந்திரிச்சு ஒழுங்கா சாப்பிடணும், சொல்லிட்டேன்."

டிவி ஒரு மேசைமேல் இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இடதுபக்கமாக நுழைந்தான். ஒட்டடை முகத்தில் அப்பியது, டிவியின் முதுகிலிருந்து அனல் அடித்தது, வயர்கள் கணுக்காலில் உரசின. அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு அழுத்திக்கொண்டே நகர்ந்தான், நகர்ந்தான், இந்த டிவி இவ்வளவு நீளம் கிடையாதே என்று தோன்றிய பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தான். ஸ்பீக்கர் துவாரம் காதருகே வந்தபோது அதிலிருந்து குரல் வரவில்லை. மூச்சு வந்தது. ஈரமான மூச்சு. அவன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, மீதி தூரத்தை அவசரமாகக் கடந்து, வலதுபக்கமாக வெளியே வந்தான்.

பழுப்பு ஹால். திரைச்சீலை. ஸ்டூல். சோபாவில் அம்மா, புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு.

எல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று அமைதியாகிவிட்டிருந்தது. அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"குழாய் நின்னுடுச்சாம்மா?"

"நின்றுவிட்டது, மகனே."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வேறு ஒரு சத்தம் கேட்டது. சொட்டு. மறுபடி ஒரு சொட்டு. டிவியிலிருந்து.

அதற்குப் பின்னால், டிவியிலிருந்தே, அம்மா.

"டேய்? என்னடா பண்ற பின்னாடி? டேய் தொரை... விளையாடாத. வெளிய வா."

அவன் டிவியின் பின்பக்கம் பாய்ந்தான். பின்பக்கம் இல்லை. டிவி சுவரோடு ஒட்டியிருந்தது. நகம் நுழையவில்லை. இழுத்தான். சுவரையே இழுப்பது போலிருந்தது. போனில் சிக்னல் இல்லை. டார்ச் மட்டும் எரிந்தது. சார்ஜ் சிவப்பில்.

திரையில் சாய்த்து அடித்தான்.

அம்மா மண்டியிட்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவினாள். எதுவும் அகப்படாமல் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா! இங்க இருக்கேன்!"

அவள் நிமிர்ந்தாள். காதைத் திரையில் வைத்தாள். அவன் குரல் அவளுக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் கேட்டிருக்க வேண்டும். முகம் கோணிப்போனது.

"உள்ள... எப்படிடா..."

"டார்ச்சும்மா! சொன்னேன்ல. சாய்ச்சு அடி!"

தடுமாறிக்கொண்டே போனைத் தேடினாள். ஸ்டூலைத் தட்டிவிட்டாள். தட்டு உருண்டது. ஒரு சின்ன வெளிச்சம் திரையின் மூலையில் முளைத்து, கறுப்பின் மேல் ஊர்ந்து, அவன் முகத்துக்கு வந்தது. அவனைப் பார்த்தாள். கண் நிறைந்தது. உதடு நடுங்கிச் சிரிக்கப் பார்த்தது.

பிறகு அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போனது.

அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி" என்றாள். அவள் அவனை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "திரும்பாத."

"அம்மா..."

"திரும்பிப் பாக்காத. என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு."

பின்னால் சோபா கிறீச்சிட்டது.

"வந்து அமர், மகனே."

அவன் அசையவில்லை.

"அமர்."

சட்டையின் பின்பக்கத்தை ஏதோ ஒன்று இரண்டு விரல்களால் பிடித்தது. மெதுவாக இழுத்தது. கோபமில்லை. பாசமாகத்தான் இழுத்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்தான். முழங்காலின் பின்புறம் மெத்தையில் இடித்தது. உட்கார்ந்தான்.

பக்கத்தில் குளிர். ஈரத் துணியின் வாடை.

கையை நீட்டி டார்ச்சைத் திரை நோக்கிப் பிடித்தான். தூரத்தில், சாம்பல் நிறத்தில், அம்மாவும் தன் சோபாவில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய போன் விடாமல் அடித்தது. அக்காவாக இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"பாத்துட்டே இருடா. நான் எங்கயும் போக மாட்டேன்."

பார்த்துக்கொண்டே இருந்தான்.

டார்ச் ஒருமுறை துடித்து அணைந்தது.

அம்மா மறைந்தாள். குரல் மட்டும் வந்தது. "இருக்கியாடா? என்னையே பாரு." கறுப்பில் அவள் எங்கே இருப்பாள் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தையே இமைக்காமல் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தெரிந்தது.

தெரிந்தது படம் இல்லை.

வெளிச்சம் போன திரை வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் இந்தப் பக்கத்து சோபா மெல்லத் தெளிந்து வந்தது. முதலில் அவனுடைய முழங்கால். அதன்மேல் ஒரு கை. அந்தக் கை எங்கிருந்து வருகிறதோ அந்த நீளம். பிறகு, அவன் தோளுக்குப் பக்கத்தில், முக்காட்டை மெதுவாக விலக்கிக்கொண்டு, அவனையே பார்ப்பதற்காகக் குனிகிற முகம்.