எட்டில் நிற்காத தண்ணீர்

எட்டில் நிற்க வேண்டிய எண் ஒன்பதைத் தொட்டபோது அவள் முதலில் மீட்டரைத்தான் திட்டினாள்.

தொட்டித் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைக் காலையிலேயே நைட்ரஜன் குமிழிகளை விட்டு விரட்டியாகிவிட்டது. மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததும், லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் என்ற அளவில் நின்றுவிடும். அந்த வேகத்தை அளப்பது அவள் வேலை. காற்று துளி அசைந்தாலும் அளவு கெட்டுவிடும் என்று ஏசியை நிறுத்தி, கதவிடுக்கில் வெளியிலிருந்து டேப் ஒட்டச் சொல்லியிருந்தாள். சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. போன வாரம் டீ வேண்டுமா என்று கேட்கத் திறந்த லேப் உதவியாளரை, வயதில் மூத்தவர் என்றும் பாராமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

பதினொன்று.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்தான் உட்கார்ந்திருந்தார். போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, மீட்டர் பதினொண்ணு காட்டுது."

"மக்கர் பண்ணுதோ என்னவோ மேடம். உள்ள வரட்டுமா?"

"ஐயோ, வேணாம்ணே! ஒரு வாரத்து வேலை பாழாயிடும்."

அறையில் ஈர இரும்பின் வாடை ஏறியிருந்தது. பம்பு ஓடவில்லை, விசிறி சுற்றவில்லை, ஆனாலும் தொட்டியின் விளிம்பில் தண்ணீர் மெல்ல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் எண் ஏறியது. சோதித்துப் பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரும் அசையாமல் நின்றது. காத்திருந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. விட்டாள். பதினாறு.

திரும்ப இழுத்தாள். நெஞ்சு விரிந்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை.

போன் நழுவி விழுந்தது. கால் எழவில்லை. ஐந்து மணிக்கு மகள் பள்ளி வாசலில் நிற்பாள். கையை மட்டும் கண்ணாடியை நோக்கித் தூக்க முடிந்தது.

உதவியாளர் பதறி எழுந்தார். இரண்டு அடி வைத்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். விரித்துத் தூக்கிய கையைப் பார்த்தார். 'வராதீங்க' என்று அவள் எப்போதும் காட்டும் அதே கை.

சரி என்று தலையாட்டினார். சத்தம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இருபது. இருபத்தொன்று.

அவள் நெஞ்சு நின்றிருந்தது. தொட்டியில் தண்ணீர் நிதானமாக ஏறியது, இறங்கியது, ஏறியது.