மீனுக்குப் பேன் பார்த்தவர்

"ஐயோ... தொட்டியில அவரு!"

ஞானமேரியின் அலறல் மரக்காணம் உப்பளத்தையே எழுப்பிவிட்டது.

அவள் புருஷன், உப்பள முதலாளி சவரிராயன், ஆசையாக வளர்த்த கடல்மீன் தொட்டிக்குள் தலையை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். மீன்களுக்கு உயிர் இருந்தது. அவருக்கு இல்லை!

சப்-இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன் வந்தார். திண்டிவனம் மண்டியில் வளர்ந்தவர். கடவுளே விற்றாலும் சாக்கைக் குத்திச் சாம்பிள் பார்க்காமல் வாங்காத பரம்பரை.

பிணத்தை இறக்கிக் கிடத்தினார்கள். வாசலில் கூடியவர்களை அவர் விசாரித்துத் திரும்பியபோது, விதவை தொட்டிமேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து தண்ணீரைக் காட்டினாள்.

சிவப்புப் பொடிகள்... நீந்தின!

"மீன் பேனாம்மா?"

"பேன்னா மீன் மேல ஒட்டிக்கும் சார். இது மல்லாந்து நீந்துது பாருங்க. பொடி இறால். கடல்ல இருக்காது. உப்பளத்துல செவந்த பாத்தியிலதான் இருக்கும்."

அதாவது, புருஷனைப் பாத்தியில் அமுக்கிக் கொன்று, யாரோ இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறான். ஈரச் சட்டையோடு பொடியும் வந்துவிட்டது என்றாள். ராத்திரி பாத்திக் காவல் யார்? சவரிராயனின் தம்பி சிலுவைமுத்து!

சிலுவைமுத்து ஓடிவந்து கும்பிட்டான். "நல்லா தூங்கிட்டேன் சார். ஒரு ஈ காக்கா வரலை."

"தூங்கினவனுக்கு ஈ வரலைன்னு எப்படிடா தெரியும்?"

விலங்கு வெளியே வந்தது. தம்பிக்குத் தூக்குக்கயிறே கண்ணில் ஆடியது.

பூட்டும் முன் அர்ச்சுனன் மறுபடி தொட்டியை எட்டிப் பார்த்தார். மண்டிப் புத்தி!

ஒரு மஞ்சள் மீன்... லபக்!

இன்னொன்று... லபக்!

பொடி பாதிகூட மிச்சமில்லை.

"ஏம்மா, பொணம் எப்ப தொட்டிக்கு வந்திருக்கும்?"

"விடியறதுக்கு முன்னாடியே சார்."

"மீனுங்க இந்த வேகத்துல தின்னா, நான் வர்றதுக்குள்ள தொட்டி காலியாகியிருக்கணுமே. இது இப்பதான் பரிமாறின பந்தி மாதிரி இருக்குது."

தொட்டி ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். காபி குடித்தேன் என்றாள். அர்ச்சுனன் உள்ளே விரலை விட்டுத் துழாவி, நாக்கில் வைத்தார்.

"காபிக்கு உப்பு போடறது எந்த ஊரு வழக்கம்மா?"

சிலுவைமுத்துவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "மீன் தீனிக்கு அண்ணி பானையில பொடி இறால் புடிச்சு வெச்சிருப்பாங்க சார்..."

ஞானமேரி உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் பூதக்கண்ணாடி வெச்சு மீனுக்குப் பேன் பாத்தாரு சார். என் தலையை ஒரு நாளு திரும்பிப் பாத்திருப்பாரா? ராத்திரியும் தொட்டிக்குள்ள குனிஞ்சாரு... அமுக்கிட்டேன்."

விலங்கு கை மாறியது.

கான்ஸ்டபிள் குழந்தைசாமி தொட்டியைப் பார்த்துப் பதறினார். "சார், கடைசிப் பொடியையும் முழுங்கிடுச்சு. கோர்ட்டுக்கு சாட்சி?"

அர்ச்சுனன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அந்த மஞ்ச மீனைப் புடிய்யா. அப்ரூவரா சேத்துக்கலாம்!"