நான்கில் சேராதது

காலையில் ஸுரா சமையலறைக்குள் வந்தபோது மேஜையின்மேல் நான்கு பொருட்கள் ஒரே சீராக வரிசையில் இருந்தன: கரண்டி, முள்கரண்டி, தேக்கரண்டி, கத்தரிக்கோல். இரவு மேஜையைத் துடைத்து, துணியைப் பிழிந்து குழாயின்மேல் போட்டுவிட்டுத்தான் படுத்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பிஷ்கெக் நகரத்துக் கரிப்புகையும் பனிமூட்டமும் ஒன்றாகத் திரண்டு நின்றன. சுவரோரக் குழாய்களில் வெந்நீர் கொரகொரவென்று எங்கோ கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் கை தானாக நீண்டு கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறையில் போட்டது. முப்பது வருடம் மனநல மருத்துவராக இருந்த கை. நான்கைப் பார்த்தால் சேராத ஒன்றை எடுத்துவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து இழுப்பறையைத் திறந்தாள். கத்தரிக்கோல் நனைந்திருந்தது. அதிலிருந்து தாரும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு நாற்றம் வந்தது. ஆடுகளைக் குளிப்பாட்டும் பூச்சிமருந்தின் நாற்றம்.

மறுநாள் தேயிலை டப்பா, சர்க்கரை, உப்பு, ஒரு மெழுகுவத்தி. யோசிக்காமல் மெழுகுவத்தியை எடுத்து அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் மின்சாரம் போனபோது அது ஈரமாயிருந்தது, பற்றவில்லை. அதே நாற்றம்.

மூன்றாம் நாள் மேஜையில் நான்கு பட அட்டைகள். குதிரை, ஒட்டகம், வண்டி, ஆடு.

ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்த, நோயாளிகளைச் சோதிக்கும் அட்டைகள் அவை. ஒட்டகத்தின் காலருகே அவளுடைய ஊதா மைக்கறை அப்படியே இருந்தது. ஸுரா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு வருடம் முன்பு இதே நான்கு அட்டைகளை யார் முன்னால் வைத்தாள் என்பதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

ஸாகின் என்ற பால் கறக்கிறவள். மலைப்பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் ஆட்டு மருந்துக் குழியைக் குடிநீர்க் கால்வாயில் திறந்துவிட்டார்கள். ஒரே கோடையில் ஐந்து குழந்தைகள் செத்தன. ஸாகின் மேலிடத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினாள். அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னார் தலைமை மருத்துவர். ஸுராவும் வேறு இரண்டு டாக்டர்களும் சாதாரண உடுப்பில் போனார்கள். சும்மா டீ குடிக்க வந்தோம் என்றார்கள். ஆறு மாதக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸாகின் விரிப்பை விரித்தாள், ரொட்டி வைத்தாள். மூன்று பேரும் பிய்த்துத் தின்றார்கள். அதற்குப் பிறகுதான் ஸுரா அட்டைகளை எடுத்தாள்.

"இதுல சேராதது எது, சொல்லுங்க பாப்போம்."

ஸாகின் ஆட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

"ஏம்மா, வண்டிக்கு உயிர் இல்லையே. அது தெரியலையா?"

"குழந்தைக்கு மூச்சு முட்டினா குதிரை என்னை டாக்டர்கிட்ட கொண்டு போகும், ஒட்டகம் போகும், வண்டி போகும். ஆடு கொண்டு போகுமா அக்கா?"

"பதினோரு கடிதம் எழுதியிருக்கீங்களே, எதுக்கு அத்தனை?"

"பதில் வந்திருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன்."

ஸுரா எழுதினாள். பொதுமைப்படுத்தும் திறன் சிதைவு. புகார் வெறி. கடைசியில் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தாராளமாக வழங்கிய நோய்: மந்தகதி மனச்சிதைவு. வெளியே ஒன்றுமே தெரியாது, அதுதான் அதன் அறிகுறி. எவ்வளவு வசதியான வியாதி பாருங்கள்! மூன்று டாக்டர்களும் வெவ்வேறு பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி வேனில் ஏற்றும்போது ஸாகின் கத்தவில்லை. "என் ரொட்டியப் பிச்சுத் தின்னுட்டு என்னையவே பைத்தியம்னு எழுதுறீங்களே அக்கா" என்றாள், அவ்வளவுதான். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் சட்டையின் முன்பக்கம் பால் கட்டி ஒழுகி நனைந்துகொண்டே வந்தது. வார்டில் காய்ச்சலை வரவழைக்கும் கந்தக எண்ணெய் ஊசி, உடம்பில் நான்கு இடத்தில். நாற்பது டிகிரி காய்ச்சல். எனக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னால் 'தனக்கு நோய் இருப்பதை உணரவில்லை' என்று ஸுரா எழுதுவாள். எனக்கு நோய்தான் என்று சொல்லிப் பார்த்தபோது 'பாசாங்கு' என்று எழுதினாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஸாகின் செத்துப்போனாள்.

ஸுரா மனம் வருந்தினாள் என்று சொல்ல ஆசைதான். வருந்தவில்லை. அவளுக்கு வந்தது பயம் மட்டும்.

தொலைபேசி அடித்தது. மகள் சோல்பான். தாய் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், அதே மாடியில், இன்றைக்கு அவள் டாக்டர். எல்லாம் தாய் சொல்லிக்கொடுத்தது. "உங்க காலத்து வியாதி இப்ப புத்தகத்துலயே இல்லம்மா" என்று ஒரு தடவை அவள் சொன்னபோது, "அப்ப அந்தப் பைத்தியமெல்லாம் எங்கடி போச்சு?" என்று ஸுரா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"அம்மா, நேத்தெல்லாம் ஏன் ஃபோன எடுக்கல? கீழ்வீட்டு அக்கா சொல்றாங்க, நீ படிக்கட்டுல தனியாப் பேசிக்கிட்டே ஏறுறியாம்."

"அவளுக்கு வேற பொழப்பில்ல. சாவி எங்கன்னு என்னையே கேட்டுக்கிட்டேன்."

"சரி சரி. தூக்கம் எப்படி இருக்கு?"

ஸுரா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். முதலில் தூக்கம், அடுத்து வாசனை, அப்புறம் குரல். நோயாளியிடம் கேட்கும் இந்த வரிசையை மகளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"இல்லாத வாசனை ஏதாவது அடிக்குதாம்மா?"

"அஞ்சு தெரு தள்ளி உன் சமையல் தீயுது, அது அடிக்குது."

மகள் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். "நாளைக்கு மத்தியானம் வர்றேன். எங்க வார்டு டாக்டர் குபாத்தும், புதுசா சேர்ந்த டாக்டர் பொண்ணும் கூட வர்றாங்க. சும்மா டீ குடிக்க."

மகள் வைத்த பிறகும் ஸுரா வெகுநேரம் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். மூன்று டாக்டர்கள். மூன்று கையெழுத்து. கதவைப் பூட்டிக்கொண்டால் அது ஓர் அறிகுறி. ஓடினால் இன்னொன்று. உண்மையைச் சொன்னாலோ, தானே கையெழுத்துப் போட்டு உள்ளே போனமாதிரி. அந்த வார்டின் ஜன்னல் கம்பிகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். தன் பக்கம் நியாயம் இருப்பதால் அங்கிருந்து வெளியே வந்தவர் ஒருவர்கூட இல்லை.

தப்பிக்க ஒரே வழி, கேட்டதற்குச் சரியான பதில். அது அவளுக்கு மனப்பாடம்.

மறுநாள் மத்தியானம் மேஜையில் விரிப்பை விரித்தாள். ரொட்டி, வெண்ணெய், ஆப்ரிகாட் ஜாம். மகளுக்கும் கூட வருகிறவர்களுக்குமாக மூன்று கிண்ணம் வைத்தாள். கெட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினால் நான்கு. ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்பினாள். நான்கு. குழாய்களில் தண்ணீர் ஏறும் சத்தம் நின்றிருந்தது. அடுத்த அறையில் யாரோ குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல மெத்தென்று ஒரு சத்தம். தட். தட். தட்.

அழைப்புமணி.

சோல்பான் முத்தமிட்டாள். குபாத் காலணியைக் கழற்றினான். கண்ணாடி போட்ட அந்தப் பெண் வீட்டைப் புகழ்ந்தாள். பனியைப் பற்றிப் பேசினார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். ஸுராவும் பேசினாள், சிரித்தாள், அளவாகச் சிரித்தாள். நான்காவது கிண்ணத்தின் முன்னால் இருந்த நாற்காலியை அவள் பார்க்கவில்லை. அங்கே நாற்றம் கனத்துக்கொண்டிருந்தது. தார். கம்பளி. புளித்த பால்.

"சும்மா ஒரு விளையாட்டும்மா. கோச்சுக்காத." சோல்பான் பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து வைத்தாள். "எது சேராதது?"

குதிரை. ஒட்டகம். வண்டி. ஆடு.

ஸுராவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிழைத்தேன்.

"வண்டி. மத்த மூணுக்கும் உயிர் இருக்கு."

குபாத் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"எதும்மா?"

"வண்டிதான்டி. இதோ."

சோல்பான் ஒவ்வொரு அட்டையாக விரலால் தொட்டாள். "அம்மா... இது ஆப்பிள். இது பேரிக்காய். இது திராட்சை. இது வாளி."

ஸுரா அட்டைகளைப் பார்த்தாள். வண்டி. பக்கத்தில் ஒட்டகத்தின் காலருகே ஊதா மைக்கறை. வண்டி!

"அவ மாத்தி வச்சிட்டா! எனக்கு ஒண்ணுமில்ல சோல்பான். எனக்கு ஒண்ணுமே இல்ல!"

சோல்பான் குனிந்து எழுதினாள், அழுதுகொண்டே. தலைகீழாக எழுத்தைப் படிக்க ஸுராவுக்கு முப்பது வருடப் பழக்கம். தனக்கு நோய் இருப்பதை உணரவில்லை. தாயின் கையெழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்து.

"வாம்மா. கீழ வேன் நிக்குது."

எழுந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, விருந்து வீட்டிலிருந்து ரொட்டியைத் தொடாமல் யாரும் புறப்பட மாட்டார்கள். குபாத் ஒரு துண்டு பிய்த்தான். கண்ணாடிக்காரப் பெண் பிய்த்தாள். சோல்பான் பிய்த்தாள்.

நான்காவது கை பிய்த்தது.

ஈரமான கை. மேலே, சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்து ஒட்டியிருந்தது. ஸாகின் ரொட்டியை மெதுவாக மென்றாள். ஸுராவை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். பிறகு சோல்பானின் பின்னால் போய் நின்று, அந்தத் தலையை வருடினாள்.

அழுதுகொண்டிருந்த சோல்பான், என்னவென்று தெரியாமலே, பசித்த குழந்தை சாய்வது போல அந்த ஈரச் சட்டையின்மேல் தலையைச் சாய்த்தாள்.